சிங்கப்பூரில் ஞாயிற்றாற்றல் கல்வி

தேக்காச் சந்தையிலிருந்து புக்கித் தீமா சாலையைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் மெக்கென்சி சாலை வரும். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் அமைந்த அச்சாலை வழியே நாள்தோறும் செல்வோருள் பலர், சிங்கப்பூர் நகரத்திற்கு முதன்முதலாக மின்சாரம் வழங்கிய நிலையம் அங்கேதான் இருந்தது என்பதை அறியார். 1905ஆம் ஆண்டில் நகர வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றை இயக்குவதற்காக டிராம் குழுமத்தார் மெக்கென்சி சாலையில் ஒரு மின்னாக்க நிலையத்தை நிறுவினர். நகராட்சி அந்நிலையத்தினின்றும் மின்சாரத்தை விலைக்கு வாங்கி, 1906ஆம் ஆண்டில் ராபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்விளக்குகளை ஏற்றியது. அதுவரை நகரத்தின் தெருக்களுக்கு 1864 முதல் காலாங் எரிவாயு ஆலையே ஒளி தந்து வந்தது.

இக்கட்டுரை மின்சாரத்தின் வரலாறு அன்று. மின்சாரத்தைக் கற்ற கல்வியின் வரலாறு. குறிப்பாக, கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பொறியியற் கல்வி சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் எவ்வாறு தோன்றியது, யாரிடமிருந்து வந்தது, என்ன பயன் தந்தது என்பதை ஆராய்வதே நம் நோக்கம். ஆயினும் மெக்கென்சி சாலையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அங்கே நின்று பார்த்தால்தான் பின்னர் நேர்ந்த ஒரு பெரிய மாற்றம் விளங்கும்.

கருவி முந்தியது, கல்வி பிந்தியது

டிராம் ஓடிய அதே 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பெற்றது. இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்தின் வேர் அப்பள்ளியே என்பர். உள்ளூர் இளைஞர் மருத்துவம் கற்க அவ்வாண்டிலேயே வழி பிறந்துவிட்டது. ஆனால், அதே ஆண்டில் வந்த மின்பொறியைப் பற்றிக் கற்க அவ்வாறு வழி பிறக்கவில்லை. 1920களின் இறுதியில் ராபிள்ஸ் கல்லூரி தோன்றிற்று. அதிலும் பொறியியலுக்கு இடம் இல்லை. 1927ஆம் ஆண்டில் நகராட்சி செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தைத் திறந்தது. 1953ஆம் ஆண்டில் பாசிர் பாஞ்சாங் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியோ 1954ஆம் ஆண்டில்தான் சட்டவழி நிறுவப்பெற்று, 1958ஆம் ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கியது. பொறியியற் பட்டக்கல்வி பல்கலைக்கழகத்தின் தனிப்புலமாக வேரூன்றியது 1960களின் இறுதியிலேயே ஆகும்.

இக்கணக்கை நோக்குக. நகரத்தில் மின்விளக்கு எரிந்ததற்கும், அவ்விளக்கின் அறிவியலை நகரத்து இளைஞர் உயர்கல்வியாகக் கற்றதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இடைப்பட்ட காலத்தில் பொறியாளர்கள் கப்பலேறி வந்தனர். எரிபொருளும் கப்பலேறி வந்தது. உள்ளூரில் கிடைத்தது உடலுழைப்பு மட்டுமே. நகராட்சியின் நாட்கூலித் தொழிலாளருள் தமிழர் மிகப் பலராக இருந்தனர் என்பது சிங்கப்பூர் வரலாறு அறிந்தார் அனைவரும் ஒப்புவது. சாலை இட்டனர், வாய்க்கால் வெட்டினர், பள்ளம் தோண்டினர். தம் கைகளால் அமைத்த நகரத்தில் ஓடிய மின்சாரம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதை அவர்களுக்குச் சொல்லித்தரப் பள்ளி இல்லை. இதனைக் குறைகூறும் பொருட்டு எழுதவில்லை. கருவி முதலில் வந்து கல்வி பின்னர் வருவதே குடியேற்ற நாடுகள் எல்லாவற்றின் இயல்பாக இருந்தது என்பதைச் சுட்டவே எழுதுகின்றோம்.

ஒளி மின்சாரமான வரலாறு

இனி, ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலை பிறந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இளைஞர் எட்மண்ட் பெக்கரல், நீர்மம் ஒன்றில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின்மீது ஒளி பட்டபொழுது மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 19. 1870களில் ஆங்கில நாட்டு அறிஞர்கள் செலினியம் என்னும் தனிமத்திலும் இவ்வியல்பு உண்டு என்று கண்டனர். ஒளிக்கும் மின்னணுவுக்கும் உள்ள தொடர்பை 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் விளக்கினார். மெக்கென்சி சாலை மின்சாரம் சிங்கப்பூரில் டிராமை ஓட்டிய அதே ஆண்டு அது. அவருக்கு 1921ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது இவ்விளக்கத்திற்காகவே. பலர் எண்ணுவதுபோலச் சார்பியல் கொள்கைக்காக அன்று.

எனினும், பயன்படத்தக்க சூரிய மின்கலம் பிறந்தது 1954ஆம் ஆண்டில் ஆகும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஒரு மின்கலத்தைச் செய்தனர். அதன்மீது பட்ட ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்னாற்றலாக மாறியது. 1958ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட வேங்கார்ட் செயற்கைக்கோள் இத்தகைய மின்கலங்களைச் சுமந்து சென்றது. தமிழுலகில் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்ததும் 1954ஆம் ஆண்டே. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம் முன்னோர் முயன்ற காலமும், சூரிய மின்கலம் பிறந்த காலமும் ஒன்றே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

சூரிய மின்கலம் வேலை செய்யும் முறை எளிது. சிலிக்கன் ஒரு குறைகடத்தி; செம்பைப் போல மின்சாரத்தை எளிதில் கடத்துவதும் அன்று, கண்ணாடியைப் போல முற்றும் தடுப்பதும் அன்று. அதனோடு மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் கலந்தால் மின்னணுக்கள் மிகுகின்றன. போரான் கலந்தால் மின்னணுக்கள் இருக்கவேண்டிய இடங்கள் வெற்றிடமாகின்றன. இவ்விரு வகைச் சிலிக்கனும் ஒட்டிய எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகின்றது. ஒளி பட்டு விடுபடும் மின்னணுவை அப்புலம் ஒரு பக்கமாகத் தள்ளுகின்றது. வெளியே கம்பி இணைத்தால் அது மின்னோட்டமாக ஓடுகின்றது. எரிவது ஏதும் இல்லை, சுழல்வது ஏதும் இல்லை, புகையும் இல்லை.

இரண்டு ஆசிரியர் மரபுகள்

1973ஆம் ஆண்டில் எழுந்த எண்ணெய் நெருக்கடி, உலக நாடுகள் பலவற்றையும் வேறு ஆற்றல் வழிகளைத் தேடச் செய்தது. அத்தேடலில் இரண்டு கல்வி மரபுகள் தோன்றின. சிங்கப்பூரின் கதைக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

முதலாவது செருமானிய மரபு. 1981ஆம் ஆண்டில் அடால்ப் கெட்ஸ்பெர்கர் என்னும் இயற்பியலார் பிரைபர்க் நகரில் பிரான்ஹோபர் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகத்தை நிறுவினார். 1987ஆம் ஆண்டில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. வளரும் நாடுகளைச் சேர்ந்த மாணவர் பலர் ஆங்கே சென்று கற்றனர். ஓல்டன்பர்க்கில் இயற்பியற் பேராசிரியராக இருந்த யோவாகிம் லூதர், பின்னர்ப் பிரைபர்க் கழகத்தின் தலைவரானார்.

இரண்டாவது ஆஸ்திரேலிய மரபு. சிட்னி நகரத்து நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970களின் நடுவில் மார்ட்டின் கிரீன் சூரிய மின்கல ஆய்வைத் தொடங்கினார். அப்பல்கலைக்கழகமே 2000ஆம் ஆண்டில் சூரிய ஒளிமின் பொறியியலுக்கென்று தனி இளநிலைப் பட்டப் படிப்பை உலகில் முதன்முதலாக ஏற்படுத்திற்று. கிரீனிடம் ஆய்வுப் பட்டம் பெற்ற சீன மாணவர் ஷி ஜெங்ரோங், 2001ஆம் ஆண்டில் சீனாவின் வூசி நகரில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். அதன் பின்னரே சீன நாடு சூரியத் தகடுகளைப் பெருவாரியாகச் செய்யத் தலைப்பட்டது. உலகெங்கும் அவற்றின் விலை வீழ்ந்தது. ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து புறப்பட்ட அறிவு, உலகச் சந்தையின் விலையையே மாற்றியது. கல்வியின் பயனை உடனே காண முடியவில்லையே என்று ஏங்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றை நினைத்தல் நன்று.

சிங்கப்பூருக்கு வந்த கல்வி

2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு தூய ஆற்றலை எதிர்காலத் தொழிற்றுறையாகத் தேர்ந்து, அதனை வளர்க்க 35 கோடி வெள்ளி ஒதுக்குவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே தேசியப் பல்கலைக்கழகத்தில் சிங்கப்பூர்ச் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம் தோன்றியது. அதனை முதலில் தலைமையேற்று நடத்தியவர் யோவாகிம் லூதரே ஆவார். சிட்னியிலிருந்து ஆர்மின் ஆபர்லே வந்து சேர்ந்தார். லூதருக்குப் பின் அவரே தலைமை ஏற்றார். ஓல்டன்பர்க், பிரைபர்க் மரபு ஒரு புறமிருந்தும், சிட்னி மரபு மறுபுறமிருந்தும் வந்து கெண்ட் ரிட்ஜ் குன்றில் ஒன்றாயின எனலாம். தமிழ்ப் புலவர் வரலாற்றில் ஆசிரியர் பரம்பரை பேசுவது நம் வழக்கம். யார் யாரிடம் பாடம் கேட்டார் என்பதைக் கொண்டே ஒரு கல்வியின் தரத்தை மதிப்பிடுவோம். பொறியியற் கல்விக்கும் அத்தகைய பரம்பரை உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பின்தங்கவில்லை. 1955ஆம் ஆண்டில் சீன மக்களின் நன்கொடையால் எழுந்த நன்யாங் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், 1981ஆம் ஆண்டில் பொறியாளரை உருவாக்கும் பொருட்டு ஒரு தொழில்நுட்பக் கழகம் அமைந்தது. அதுவே 1991இல் இன்றைய பல்கலைக்கழகமாயிற்று. அங்கே 2010ஆம் ஆண்டில் ஆற்றல் ஆய்வுக் கழகம் நிறுவப்பெற்றது. பெரோவ்ஸ்கைட் என்னும் புதுவகைப் பொருளால் செய்யும் மின்கலங்களைப் பற்றி அப்பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு உலகறிந்தது. ஒளியால் விடுபட்ட மின்னேற்றங்கள் அப்பொருளினுள் நெடுந்தொலைவு செல்ல வல்லவை என்று அவர்கள் அளந்து காட்டினர். செமாக்காவ் தீவில் காற்று, கதிரவன், மின்கலத் தொகுதி ஆகியவற்றை இணைத்து, பெருமின்வலை எட்டாத தீவுகளுக்கும் சிற்றூர்களுக்கும் ஏற்ற சிறுவலைகளைச் சோதிக்கும் களம் ஒன்றையும் அப்பல்கலைக்கழகம் அமைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். சிட்னி தனிப்பட்டம் அமைத்தது. சிங்கப்பூர் பெரும்பாலும் வேறு வழியிற் சென்றது. இங்கே ஞாயிற்றாற்றல், மின்பொறியியல், எந்திரப் பொறியியல், பொருளறிவியல் ஆகியவற்றின் உட்பாடமாகவும், ஆய்வுப் பட்டங்களின் பொருளாகவும் கற்பிக்கப்பட்டது. 2009இல் தோன்றிய சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மின்திறன் பொறியியலில் பட்டம் அளித்தது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தூய ஆற்றல் பற்றிய பட்டயப் படிப்புகளை நடத்தின. இதற்குக் காரணம் ஊகிக்கத்தக்கது. சிறிய நாட்டில் ஒரே துறைக்கு மட்டும் பயின்றவர் வேலையின்றி நிற்க நேரலாம். மின்பொறியியல் முழுதும் கற்றுச் சூரிய ஆற்றலைச் சிறப்பாகக் கற்றவர் எங்கும் பொருந்துவர். ஆனால், இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. பதினெட்டு வயது மாணவர் பாடப் பட்டியலைப் பார்க்கும்பொழுது இக்கல்வியின் பெயர் கண்ணில் படுவது அரிது. வழிகாட்டுவார் இல்லையேல் அவர் இதனை அறியாமலே போகக்கூடும்.

முறை மாறியது

இப்பொழுது மெக்கென்சி சாலையை மீண்டும் நினைவிற்கொள்வோம். 2008ஆம் ஆண்டில் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம் தோன்றியபொழுது சிங்கப்பூர்க் கூரைகளில் சூரியத் தகடுகள் மிகச் சிலவே இருந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சிராங்கூன் நார்த்திலும், செம்பவாங்கின் வெலிங்டன் சர்க்கிளிலும் முதற்சோதனையாகத் தகடுகளைப் பொருத்தியது அவ்வாண்டில்தான். பெருமளவில் கூரைகளில் தகடு பதிக்கும் சோலார்நோவா திட்டம் வந்தது 2014ஆம் ஆண்டில் ஆகும். எனவே, இத்துறையில் கல்வி முந்தியது, கருவி பிந்தியது. 1905இல் நிகழ்ந்ததற்கு இது நேர்மாறு. சிங்கப்பூரின் நூறாண்டுத் தொழில்நுட்ப வரலாற்றில் இத்தகைய மாற்றம் சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

கல்வி முந்தியதால் விளைந்த நன்மைக்குத் தெங்கே நீர்த்தேக்கமே சான்று. சிங்கப்பூரில் நிலம் குறைவு. நாட்டின் பரப்பு 750 சதுர கிலோமீட்டருக்கும் உட்பட்டது. நிலமில்லாதவர் நீரை நாடினர். 2016ஆம் ஆண்டில் தெங்கே நீர்த்தேக்கத்தில் பத்து வகை மிதவைத் தகட்டமைப்புகளை அருகருகே இட்டு, எது நன்கு உழைக்கும், எது விரைவில் பழுதாகும், நீருயிர்களுக்கும் நீரின் தூய்மைக்கும் தீங்கு உண்டா என்று ஆராய்ந்தனர். சூரியத் தகடு சூடேறினால் அதன் திறன் குறையும். நீரின்மேல் குளிர்ச்சி உண்டு. நிழல் வீழ்த்தும் கட்டடங்களும் இல்லை. ஆகவே மிதவைத் தகடுகள் கூரைத் தகடுகளைவிட 5 முதல் 15 விழுக்காடு வரை மேம்பட்டு உழைத்தன. அவ்வாய்வின் முடிவைக் கொண்டு அதே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் உச்சத்திறன் உடைய மிதவைப் பண்ணை 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திறக்கப்பட்டது. அதில் உள்ள தகடுகள் 1,22,000. பரப்பு ஏறத்தாழ 45 ஹெக்டேர். நாட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வேண்டிய மின்னாற்றலுக்கு அது ஈடு செய்கின்றது. உலக வங்கி மிதவைச் சூரிய மின்சாரம் பற்றி வெளியிட்ட நூல்களை ஆக்குவதிலும் சிங்கப்பூர்க் கழகமே துணை நின்றது. அறிவை இறக்குமதி செய்த நாடு அறிவை ஏற்றுமதியும் செய்யத் தொடங்கிற்று.

ஞாயிறும் மழையும்

ஒரு வினா எழும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியது; ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. பின் இவ்வளவு ஆய்வு எதற்கு?

சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் ஒருங்கே வாழ்த்தித் தொடங்குகின்றது என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூர்ப் பொறியாளரும் ஞாயிற்றோடு மழையையும் சேர்த்தே கற்க வேண்டியவராக உள்ளார். இத்தீவில் வெயில் உண்டு, ஆனால் முகில் மிகுதி. காலையில் எரிக்கும் கதிரவன் பிற்பகலில் சில நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகின்றான். சிராங்கூன் சாலையில் குடையை மடக்கியவர் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீண்டும் விரிப்பதை நாமே காண்கின்றோம். முகில் மூடியவுடன் ஒரு வட்டாரத்துத் தகடுகள் அனைத்தின் மின்சாரமும் சடுதியில் குறையும். அக்குறையை நிரப்ப வேறு மின்நிலையம் அந்நொடியே ஈடுகொடுத்தல் வேண்டும். ஆகவேதான் தீவெங்கும் வானிலை அளக்கும் நிலையங்களை ஆய்வுக் கழகம் அமைத்தது. முகில் எங்கே செல்லும் என்று முன்னறியும் கணக்குகளை வகுத்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி ஆற்றலைச் சேர்த்துவைக்கும் மின்கலத் தொகுதி இயங்கத் தொடங்கியதும் இக்குறையைத் தாங்கவே. இதனால், இக்கல்வி தகடு பொருத்தும் தொழிற்பயிற்சி மட்டும் அன்று என்பது பெறப்படும். குறைகடத்தி இயற்பியல், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரின் அமைப்பு, வானிலையியல், கட்டடச் சட்டம், முதலீட்டுக் கணக்கு ஆகிய யாவும் இதனுள் அடங்கும்.

உண்மையை மறைத்தலும் ஆகாது. 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட பசுமைத் திட்டத்தில் அரசு 2030க்குள் குறைந்தது 2 கிகாவாட் உச்சத்திறன் என்னும் இலக்கை வைத்தது. அது நிறைவேறினும் அவ்வாண்டின் மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காடே கிடைக்கும் என்று கணக்கிடப்பட்டது. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவாலேயே பிறக்கின்றது. அது குழாய் வழியும் கப்பல் வழியும் வெளிநாட்டிலிருந்து வருவது. அவ்வாறாயின், 3 விழுக்காட்டிற்காக இத்துணைப் பொருளும் உழைப்பும் செலவிடுதல் தகுமா என்று சிலர் கேட்கலாம்.

தகும் என்பதே எம் கருத்து. கல்வியின் பயனைக் கூரையின் பரப்பைக் கொண்டு அளத்தல் கூடாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் பிறர் நாட்டுப் பொருள்கள். கதிரவன் ஒளி ஒன்றே இத்தீவின்மேல் தானே வந்து விழும் எரிபொருள். அண்டை நாடுகளில் வெயிலும் உண்டு, நிலமும் உண்டு. அங்கே பிறக்கும் தூய மின்சாரம் கடலடிக் கம்பி வழியே இங்கு வரும் நாளில், அதனை மதிப்பிடவும் ஏற்கவும் நிலைப்படுத்தவும் வல்ல பொறியாளர் வேண்டும். அவரை அன்றைக்குத் தேடிப் பயனில்லை. 1905இன் படிப்பினை அதுதான்.

தமிழுக்கு உரிய கடன்

இனித் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய செய்திக்கு வருவோம். 1946ஆம் ஆண்டில் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளியாயிற்று. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி சிங்கப்பூரில் அது ஒன்றே. 1982ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. 1987ஆம் ஆண்டில் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆயிற்று. அப்புலவரின் பெயரால் பீட்டி சாலையில் இயங்கும் தமிழ்மொழி நிலையத்தில் இன்று தமிழ் மொழிப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது, இயற்பியல் அன்று. ஆகவே, சூரிய மின்கலம் சிங்கப்பூரில் பாடமான காலத்தில், இங்கே அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் வகுப்பறை இல்லாது போயிற்று. கருவி முந்தினும் கல்வி முந்தினும், இரண்டிற்கும் பிந்தி நிற்பது சொல்லே.

சொல் பிந்துவதால் வரும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். அன்றாட எழுத்தில் விசை, ஆற்றல், திறன் என்னும் மூன்றையும் சிலர் சக்தி என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றனர். இம்மூன்றும் வேறு வேறு. தள்ளுவதும் இழுப்பதும் விசை. அதனால் செய்து முடிக்கும் வேலையின் அளவு ஆற்றல். அவ்வேலை எவ்வளவு விரைவில் நடக்கின்றது என்பது திறன். வாட் என்பது திறனின் அளவு. வாட்-மணி என்பது ஆற்றலின் அளவு. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகின்றது என்பது திறனைப் போன்றது. மாலைக்குள் குடம் எத்தனை நிறைந்தது என்பது ஆற்றலைப் போன்றது.

இவ்வேறுபாட்டை அறியாதவர், தெங்கே பண்ணை நாள் முழுவதும் 60 மெகாவாட் தருகின்றது என்று எண்ணி மயங்குவர். 60 என்பது நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்சத்திறன். இரவில் அது சுழி. முகிலில் அது சிறு பங்கு. சிங்கப்பூரில் 1 கிலோவாட் உச்சத்திறன் உடைய தகடுகள் ஓராண்டில் தரும் ஆற்றல் ஏறத்தாழ 1,200 கிலோவாட்-மணி. ஆண்டிற்கு மணிகள் 8,760. வகுத்துப் பார்த்தால், சராசரித் திறன் உச்சத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே ஆகின்றது. 60 மெகாவாட் பண்ணையின் ஆண்டுச் சராசரி 8 மெகாவாட் அளவினது. சக்தி என்று பொதுவாக எழுதிவிட்டால் இக்கணக்கே செய்ய இயலாது. ஒரு நாடு தன் ஆற்றல் வழியைப் பற்றி முடிவு செய்யும் காலத்தில், குடிமக்கள் தம் மொழியில் இதனைப் பிழையறப் பேச இயலவேண்டும். இயலாவிடில், அவர்கள் பொருட்டு வேறு யாரோ எண்ணுவர். வேறு யாரோ முடிவு செய்வர். இது சொல்லழகு பற்றிய வழக்கன்று, அறிவுரிமை பற்றியது.

சொல்வளம் நம்மிடம் இல்லாமல் இல்லை. கோவையிலிருந்து வெளிவந்த கலைக்கதிர் போன்ற இதழ்களும், கலைக்களஞ்சியமும், தமிழ்நாட்டுப் பாடநூல்களும் வேண்டிய சொற்களுள் பெரும்பாலானவற்றை முன்னரே தந்துள்ளன. குறைகடத்தி, மின்கலம், மின்னணு, மாறுமின்னோட்டம் என்பன பழகிய சொற்களே. இன்வெர்ட்டர், பெரோவ்ஸ்கைட் போன்றவற்றை அப்படியே எழுதுவதாலும் தமிழ் கெட்டுவிடாது. குறை, சொல் இல்லாமை அன்று. ஒரே பொருளுக்குப் பல சொல்லும், பல பொருளுக்கு ஒரே சொல்லும் வழங்கும் ஒழுங்கின்மையே. ஒரு வகுப்பில் ஒரு சொல்லைத் தெளிவாக வரையறுத்து ஆசிரியர் வழங்கினால், அது முப்பது வீடுகளுக்குச் செல்லும்.

தைத்திங்களில் கேம்பல் லேனில் பொங்கற் பானைகளும் கரும்பும் மஞ்சட் கொத்தும் குவியும். வயல் இல்லாத ஊரில் கதிரவனுக்கு நன்றி செலுத்துகின்றோம். அந்நாளில் மாணவர்க்குப் பொங்கலைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர்கள், அடுக்குமாடி வீடுகளின் கூரைமேல் பதித்துள்ள தகடுகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். கதிரவன் ஒளி மின்சாரமாவது எங்ஙனம் என்று தமிழில் விளக்கச் சொல்லலாம். அம்மாணவருள் ஒருவர் கெண்ட் ரிட்ஜிலோ நன்யாங்கிலோ இக்கல்வியைப் பயிலச் செல்லக்கூடும். பயின்று வந்து, தேக்காவில் தம் பாட்டனார்க்குத் தம் தொழிலை அவர் தமிழிலேயே விளக்குவாராயின், மெக்கென்சி சாலையில் 1905ஆம் ஆண்டில் விடுபட்ட பாடம் நிறைவு பெறும்.